கமாலுதீன் நானாவின் நாக்கும் சிறுகுறிஞ்சானும்

காரைக்காலில், ஊரே அண்ணனாக்கி ‘நானா’ என்று கூப்பிடும் கமாலுதீன் வீடு இருக்கும் தெருவிலும் அதை ஒட்டிய நாலைந்து தெருக்களிலும் கல்யாணத்துக்குப் பிர்னி என்னும் பால் இனிப்பைக் கிண்டினால், அவர் வாயில் வைக்காமல் தேக்சாப் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்காது. ஜமாஅத் கூடி எடுத்த முடிவு ஒன்றுமில்லை. அப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான். பண்டாரி, அதாவது கல்யாணச் சமையல்காரர், ஒரு கரண்டி பிர்னியைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டுவார். கமாலுதீன் ஊதி ஆற்றி நாக்கில் விட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். வெங்காயம் உரிக்கும் பெண்கள்கூடக் கத்தியை நிறுத்துவார்கள். "இன்னும் ஒரு கை சீனி விழட்டும்" என்பார். பண்டாரி சாக்குக்குள் கையை விட்டு, ஆவிக்கு மேலே வீசிக் கிண்டுவார். மறுபடி ஒரு வாய். "ஆங், இப்பதான் சரி. இறக்கு" என்பார் கமாலுதீன். அதன் பிறகுதான் கல்யாண வீட்டுக்கு மூச்சு வரும்.

இந்தப் பெருமை அவருக்கு வந்த கதை சின்னது. வாலிபத்தில் ஒரு கல்யாணத்தில் யாரோ கைமறதியாகப் பிர்னியில் சீனிக்குப் பதில் உப்பைக் கொட்டிவிட்டார்கள். அதை முதலில் வாயில் வைத்தவர் கமாலுதீன். "யா அல்லா, இது உப்பு" என்று கத்தினார். கல்யாணம் தப்பியது. நாக்கு உள்ள யாராக இருந்தாலும் அதைத்தான் கத்தியிருப்பார்கள் என்பது ஏனோ ஒருவருக்கும் தோன்றவில்லை. அபுதாபியில் கடையில் நின்ற காலத்திலும், லீவுக்கு வரும் தேதியைக் கேட்டுக்கொண்டு கல்யாணத் தேதி வைத்தவர்கள் உண்டு. மனிதர் அதில் கொஞ்சம் வளர்ந்துதான் போனார். பிற்பாடு தாளிச்சாவுக்கு உப்பு, டீக்கு டிக்காஷன், இளநீருக்கு முற்றல் என்று எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொன்னார்.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் சர்க்கரை வியாதி வந்தது. காரைக்காலில் காட்டினால் வெளியே தெரிந்துவிடும் என்று நாகப்பட்டினம் போய் ரத்தம் கொடுத்தார். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மாத்திரை எழுதினார். "இனிப்பை மறந்துடுங்க" என்றார். பெற்ற பெண்ணை மறந்துவிடச் சொன்னால்கூட கமாலுதீன் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பார். வீட்டுக்கு வந்து மனைவி ஆஸியா பீவியிடம் மட்டும் சொன்னார். வெளியே மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சர்க்கரைக்காரன் நாக்கை எவன் நம்புவான்? பிர்னிக் கிண்ணத்தை அவருக்கு நீட்டுவதற்குப் பதிலாக, "பாவம், நானாவுக்கு ஆகாது" என்று இரக்கப்பட்டுவிட்டால் அப்புறம் உயிரோடு இருந்து என்ன?

போதாததற்கு மகள் ஹஃபீஸாவுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். திருமலைராயன்பட்டினத்து அலாவுதீன் தன் மகன் நூருல் அமீனுக்குப் பெண் கேட்டார். நல்ல குடும்பம், பையன் தோஹாவில் கணக்கு எழுதுகிறான். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அலாவுதீன் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நம்ம குடும்பத்துல சுகர், பிரஷர் ஒண்ணும் கிடையாதுங்க. உங்கள்ல எப்படி?"

"மாஷா அல்லாஹ், எங்கள்லயும் கிடையாதுங்க" என்றார் கமாலுதீன். அந்த வேகத்தில் அவர் வேறெந்தப் பதிலையும் சொன்னதில்லை. உள்ளே ஆஸியா பீவி கையிலிருந்த தட்டை நங்கென்று வைத்தாள்.

அவர்கள் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது. ஆகவே அன்றிலிருந்து கமாலுதீனுக்கு மாத்திரைகளை எங்கே ஒளிப்பது என்பது தனிக் கவலையாயிற்று. ஒரு நாள் அரிசிப் பானையில், ஒரு நாள் செருப்புப் பெட்டியில். அவரே மறந்துபோய்த் தேடிய நாட்களும் உண்டு.

இந்தச் சமயத்தில்தான் தெட்சிணாமூர்த்தி உள்ளே வந்தார். நெடுங்காட்டுக்காரர், மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கமாலுதீனுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதம். ஓய்வுக்குப் பிறகு அவரைப் பச்சிலைப் பைத்தியம் பிடித்தது. காலையில் எழுந்ததும் முகம் கழுவுகிறாரோ இல்லையோ, தூதுவளை, முடக்கத்தான், ஆடாதொடை என்று ஏதாவது ஒன்றைப் பற்றிய வீடியோவை ஊருக்கெல்லாம் வாட்ஸப்பில் தள்ளிவிடுவார். தான் இன்னும் பார்த்து முடிக்காத வீடியோவையும் தள்ளுவார். அவரிடம் கமாலுதீன், "என் கூட்டாளி ஒருத்தருக்குச் சர்க்கரை" என்று ஆரம்பித்தார்.

"கூட்டாளிக்குத்தானே?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"கூட்டாளிக்குத்தான்."

"சரி பாய், கூட்டாளிய சிறுகுறிஞ்சான் சாப்பிடச் சொல்லுங்க. நம்ம வேலியில கொடியா கெடக்கு. ஆனா டாக்டர் மாத்திரைய நிறுத்தக் கூடாது, அதையும் சொல்லிடுங்க."

கமாலுதீன் நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி அடைத்த கேப்சூல்களை வாங்கி, டாக்டர் மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவந்தார். அடுத்த தடவை நாகப்பட்டினத்தில் ரத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. மாத்திரையால் இறங்கியதா, ஆஸியா பீவி சீனி டப்பாவைப் பூட்டிவைத்ததால் இறங்கியதா, இலையால் இறங்கியதா என்று டாக்டருக்கே தெரியாது. கமாலுதீனுக்குத் தெரியும். அவர் மொத்தப் புண்ணியத்தையும் இலைக்கு எழுதிவைத்தார். இலையை விழுங்கிவிட்டு இனிப்பைத் தின்னலாம், அது உள்ளே போய்ச் சீனியை மடக்கிக்கொள்ளும் என்பது அவர் கண்ட வைத்தியம். டாக்டரோ தெட்சிணாமூர்த்தியோ அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

கல்யாண நாள் வந்தது. அன்றைக்கு இனிப்புக்கு அணை போட முடியாது என்பது முன்பே தெரிந்த விஷயம். சொந்தப் பெண்ணின் கல்யாணத்துப் பிர்னியை அவர் ருசி பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? ருசி பார்க்கும் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது, பிற்பாடு சஹனிலும் உட்கார வேண்டும். ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் ஒருத்தர் மட்டும் இனிப்பைத் தொடாமல் எழுந்தால் சம்பந்தி கண்ணில் படாதா? வெறும் பொடி இன்றைக்குப் போதாது என்று கணக்குப் போட்டு, தெட்சிணாமூர்த்திக்குப் போன் செய்து பச்சை இலையாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கூட்டாளிக்குத்தான்.

தெட்சிணாமூர்த்தி விடிந்ததும் ஒரு வாழைத்தாரோடு வந்தார். தாருக்கு நடுவே வாழைச்சருகில் பொதிந்து இலை இருந்தது. "பச்சை இலைக்கு வீரியம் ஜாஸ்தி, பாய். பாத்து" என்றார். எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை. அதற்குள் யாரோ அவரைச் சாப்பிட இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நிக்காஹ் நேரம் நெருங்கியதும் கமாலுதீன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இலையைப் பிடியாக எடுத்து வாயில் திணித்தார். கசப்பு தொண்டை வரை இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. மகளுக்காக என்று நினைத்துக்கொண்டு மென்று, மென்று, சாறு முழுவதையும் நாக்கில் புரட்டி விழுங்கினார். வாயைக் கொப்பளித்து, அத்தர் பூசிக்கொண்டு வெளியே வந்தபோது, கொல்லைக் கொட்டகையிலிருந்து ஆள் வந்தது. பிர்னி பதத்துக்கு வந்துவிட்டதாம்.

பண்டாரி காஜா நஜ்முதீன் கிண்ணத்தை நீட்டினான். அவன் வாப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பம்தான் இந்தத் தெருக்களில் சமைக்கிறது. கமாலுதீன் ஊதினார், நாக்கில் விட்டார், கண்ணை மூடினார். பால் தெரிந்தது, ஏலம் தெரிந்தது, நெய் தெரிந்தது. சீனி தெரியவில்லை.

"என்னா நஜ்மு, சீனியே போடலையா?"

நஜ்முதீன் ஒரு கணம் அவரைப் பார்த்தான். "போட்டேனே நானா."

"எங்க போட்டே? கஞ்சி மாதிரி கெடக்கு. நல்லா அள்ளிப் போடு."

அவன் சாக்குக்குள் கையை விட்டு வீசிக் கிண்டினான். மறுபடி ஒரு வாய். இல்லை. "இன்னும் போடு" என்றார். மூன்றாவது வாயிலும் பாலும் ஏலமும்தான். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இந்தக் காலத்துச் சீனியில் இனிப்பே கிடையாது, எல்லாம் கலப்படம் என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு, "இன்னும் ரெண்டு கை போட்டு இறக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். அங்கே நிக்காஹ் ஓதிவைக்கும் ஆலிம்சா வந்துவிட்டார் என்று பந்தலிலிருந்து குரல் வந்தது. கமாலுதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடினார்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுக்கும் வார்த்தையைச் சொன்னார் கமாலுதீன். ஹஃபீஸா சின்னப் பிள்ளையில் அவர் மடியிலிருந்து பிர்னிக் கிண்ணத்தை நக்கியது ஏனோ அந்த நேரத்தில் நினைவு வந்தது. துஆ ஓதி முடிந்து கற்கண்டும் பேரீச்சம்பழமும் தட்டில் வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டார்.

அது கல். சும்மா கல். கடற்கரையில் பொறுக்கியதுபோல வாயில் உருண்டது. இன்னொன்றைப் போட்டார். அதுவும் கல். பேரீச்சம்பழத்தைக் கடித்தார், பஞ்சு. கற்கண்டில் யாரும் கலப்படம் செய்ய முடியாது என்பது மெதுவாக அவருக்கு உறைத்தது. எழுந்துபோய் தெட்சிணாமூர்த்தியைத் தூணோரமாக ஒதுக்கினார்.

"தெட்சிணா, அந்த இலை நாக்கை ஏதும் பண்ணுமா?"

"கூட்டாளி நாக்கையா?"

"என் நாக்கைத்தான்யா!"

தெட்சிணாமூர்த்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். "பச்சையா மென்னுட்டீங்களா? மென்னா இனிப்பு தெரியாதே! ஒரு மணி நேரம் கூட ஆகும், நாக்கு திரும்ப. சீனிய அள்ளித் தின்னா மண்ணாட்டம் இருக்கும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு சொல்லாம விட்டுட்டேன், பாய்."

ஊரில் இருக்கும் செடி கொடி ஒன்று விடாமல் வீடியோ அனுப்பிய மனிதர் இதை மட்டும் விட்டுவிட்டார். கமாலுதீனுக்கு அவர் கழுத்தை நெரிக்கத் தோன்றியது. ஆனால் அதற்கு நேரமில்லை. மதியத்து லுஹர் தொழுகை முடிந்தால் சஹன் விரித்துவிடுவார்கள். தேக்சாவில் இப்போது இருப்பது பிர்னி இல்லை, பாகு. வாயில் வைத்ததும் சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "கமாலுதீன் வீட்டுக் கல்யாணத்திலா?" என்று ஊர் சிரிக்கும். ஹஃபீஸா கல்யாணம் என்றால் அந்தப் பிர்னிதான் பேச்சாக இருக்கும், அவள் பேரப்பிள்ளை எடுத்த பிறகும்.

தடுக்க வழி இருந்தது. பால் மிச்சம் இருக்கிறது, ஊற்றி நீர்க்கச் செய்யலாம். ஆனால் ஏன் என்று கேட்டால் நாக்கு செத்ததைச் சொல்ல வேண்டும். நாக்கு ஏன் செத்தது என்றால் இலையைச் சொல்ல வேண்டும். இலை எதற்கு என்றால் சர்க்கரையைச் சொல்ல வேண்டும். சொன்னால் இத்தனை வருஷப் பெயர் போகும், சம்பந்தியிடம் பொய்யனாக நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் மகள் கல்யாணம் போகும். கமாலுதீன் தூணை விட்டுக் கொல்லைக்கு நடந்தார். அவரைப் பற்றி நான் என்னவெல்லாமோ சொல்லிவிட்டேன், இதையும் சொல்ல வேண்டும்: அந்த நடையில் தயக்கம் இல்லை.

கொட்டகையில் சம்பந்தி அலாவுதீனே நின்றிருந்தார். சமையலைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்ல வந்தாராம். போதாத நேரம் என்றால் இப்படித்தான்.

"நஜ்மு, பிர்னியை எடுக்காதே" என்றார் கமாலுதீன். "அதுல சீனி கூடிப்போச்சு. எனக்கு... எனக்குச் சர்க்கரை இருக்கு. ரெண்டு வருஷமா இருக்கு. நெடுங்காட்டுக் கூட்டாளி கொண்டாந்த பச்சிலைய மென்னேன். நாக்கு மரத்துப்போச்சு. ஒரு எழவும் தெரியாமதான் போடு போடுன்னு உன்னையப் படுத்தினேன்."

அலாவுதீன் தாடியைத் தடவினார். நஜ்முதீன் மட்டும் பதறாமல், "நீங்க போய் சபையில உக்காருங்க நானா. பிர்னிக்கு ஒண்ணும் ஆகலை" என்றான்.

"எப்படிடா ஆகாம இருக்கும்? அத்தனை கை போட்டியே!"

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

"நீ என்னத்தைப் பாப்பே? நகரு." கமாலுதீன் பால் கேனைத் தூக்கிவிட்டார். தேக்சாவின் விளிம்பு வரை கொண்டுபோய்ச் சாய்க்கப் பார்த்தார். நஜ்முதீன் கரண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

"ஊத்தாதீங்க, கெட்டுப்போயிடும்! நான் சீனியே போடலை!"

"என்னா?"

"போடலை நானா. வெறுங்கையத்தான் வீசினேன்."

"நான் போடச் சொன்னேனே. ஏன் போடலை?"

நஜ்முதீன் வேறெங்கோ பார்த்தான். சொல்லாமல் தப்ப முடியுமா என்று பார்த்தான். பால் கேன் இன்னும் அவர் கையில் இருந்தது. "நீங்க சொன்னா போடறதில்ல, நானா. எப்பவுமே போட்டதில்ல. எங்க வாப்பா சொல்லிக் குடுத்தது. கமால் நானா சீனி கேட்டா இல்லேங்காதே, தலைய ஆட்டு, சாக்குக்குள்ள கைய விடு, வெறுங்கைய வீசி நல்லாக் கிண்டு, அவரு மறுபடி ஒரு வாய் பாத்துட்டு இப்பதான் சரிம்பாருன்னு. நீங்களும்..." அவன் நிறுத்திக்கொண்டான்.

நீங்களும் ஒவ்வொரு தடவையும் சரி என்றீர்கள். அதை அவன் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கமாலுதீன் சுற்றிப் பார்த்தார். வெங்காயம் உரித்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். விறகு தள்ளுகிறவன் அடுப்பைப் பார்த்தான். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. தெருவுக்கே தெரிந்த ஒன்றை அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ருசித்திருக்கிறார். பால் கேனைக் கீழே வைத்தார். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பிர்னி எப்படியும் தப்பியிருக்கும், சர்க்கரையும் மறைந்திருக்கும், நாக்கும் நாக்காகவே இருந்திருக்கும். வாழ்க்கையில் ஒரு தடவை உண்மையைச் சொல்லி மற்ற இரண்டையும் தொலைத்தார்.

அலாவுதீன் அவர் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துக்கொண்டு போனார். கிணற்றடிக்குப் போய் நின்று தொண்டையைச் செருமினார். கமாலுதீன் வசவுக்குத் தயாரானார்.

"நெடுங்காடு இங்கேருந்து எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்டார் அலாவுதீன், மிகவும் தாழ்ந்த குரலில்.

"என்னா?"

"அந்த இலை. உங்க கூட்டாளிகிட்ட கெடக்காமே. எனக்கு ஏழெட்டு வருஷமா இருக்கு, சம்பந்தி. வீட்லயும் இருக்கு. பையனுக்குத் தெரியாது."

கமாலுதீனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டார்.

சஹன் விரித்தார்கள். ஒரு தட்டில் கமாலுதீன், அலாவுதீன், மாப்பிள்ளை வீட்டார் இருவர். நெய்ச்சோறு போயிற்று, கறி போயிற்று. அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். கொட்டகைச் செய்தி பந்தலுக்கு வந்துசேர்ந்திருந்தது. தட்டுக்குத் தட்டு யாரோ குனிந்து பேசி யாரோ சிரித்தார்கள். இடையில் ஒரு துண்டு வாழைப்பழத்தை வாயில் போட்டவருக்கு, நாக்கின் ஓரத்தில் லேசாக இனிப்பு தட்டியது. பொறுத்துப் பார்த்தார். மெதுமெதுவாக அது நாக்கு முழுவதும் பரவியது. நாக்கு திரும்பிவிட்டது.

பிர்னி வந்தது. ஒரு வாய் எடுத்து நாக்கில் விட்டார். பழக்கத்தில் கண் தானாக மூடிக்கொண்டது. பால் இருந்தது, ஏலம் இருந்தது, சீனியும் இருந்தது. ஒரு கை குறைச்சலாக இருந்தது. மனசு துள்ளிவிட்டது. அவசரப்படாமல் தண்ணீர் குடித்து இன்னொரு வாய் பார்த்தார். சந்தேகமே இல்லை. சரியாக ஒரு கை, ஒரே ஒரு கை சீனி விழுந்திருந்தால் இது பிர்னியாகியிருக்கும். குர்ஆன் மேல் கைவைத்துச் சொல்வார். பந்தல் ஓரத்தில் நஜ்முதீன் தோளில் துண்டோடு நின்று சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படிங்க சம்பந்தி, நாக்கு வந்துடுச்சா?" என்றார் அலாவுதீன். நல்ல மனதோடுதான் கேட்டார். "சீனி எப்படி இருக்கு?"

பக்கத்துத் தட்டுகளில் கை நின்றது. எல்லாரும் திரும்பினார்கள், பாதிப் பேர் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். கமாலுதீன் அவர்களைப் பார்த்தார். நஜ்முதீனைப் பார்த்தார். வாயில் இருந்ததை விழுங்கினார்.

"அளவாத்தான் இருக்கு" என்றார்.

பிர்னியைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவர் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது. அதைத்தான் எல்லாரும் நம்பினார்கள்.